சிவப்பில் ஆறு எண்கள்

நான் வேலை பார்த்த சேகோ மில்லின் டோக்கன் ஜன்னலில், நான் எழுதிய புரோகிராமைக் கலரில் அச்சடித்து ஒட்டினேன். அதற்காக என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஏன் ஒட்டினாய்? அதுவும் கலரில் எதற்கு? முதல் கேள்விக்கு நான் பெரிய யோக்கியம் என்பதுபோல ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் புரோகிராமில் இருந்த அக்கிரமத்தை என் விரல்தான் அடித்தது.

மில் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. குச்சிக்கிழங்கை மலையிலிருந்தும் கீழ் ஊர்களிலிருந்தும் கொண்டுவருவார்கள். அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி ஆக்குவது எங்கள் மில்லின் தொழில். குச்சிக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரைதான் பொறுமையாக இருக்கும். பிடுங்கிவிட்டால் ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் உள்ளே கருநீலமாகக் கோடு ஓடத் தொடங்கும், மாவு குறையும். அதனால் சீசனில் வாசலில் நிற்கும் வண்டிகளுக்கு எல்லாம் ஒரே கவலைதான்: எனக்கு முன்னால் எத்தனை வண்டி?

நான் சேர்ந்த புதிதில் வாட்ச்மேன் சாக்பீஸால் டயரில் எண் எழுதுவார். அழித்து எழுதினார், மாற்றி எழுதினார் என்று தினமும் சண்டை. ஒருநாள் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போய், "சார், வண்டி வந்த நேரத்த வெச்சி கம்ப்யூட்டரே வரிசை போடுற மாதிரி நான் எழுதித் தரட்டா?" என்று கேட்டேன். என் வேலை எடைச்சீட்டு அடிப்பது மட்டும்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார்.

தெரியும். ரிஷிவந்தியம் பக்கத்து ஊரில் கூலி வேலை செய்கிற இரண்டு பேரின் மகள் நான். அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்குப் போனார்கள். நான் போகவில்லை. இங்கேயும் எழுதுவதற்கு வேலை இருக்கும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். விவசாயி மில் கொடுத்த தன் அட்டை எண்ணைச் சொன்னால் நேரம் பதிவாகும், டோக்கன் வரும், ஜன்னலுக்கு மேலே இருந்த பழைய டிவியில் வரிசை ஓடும். முதல் மூன்று மாதம் ஒரு சண்டை இல்லை. வாட்ச்மேன் எனக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். டிவியில் என் வரிசை ஓடுவதை நானே வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

பிறகு ஒரு காலையில் மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். ஆறு அட்டை எண்கள் எழுதியிருந்தன.

"இந்த ஆறு நம்பரும் எப்ப வந்தாலும் மேல ஏறிடணும்மா. பண்ண முடியுமா?"

"முடியும் சார். ஆனா முன்னாடி வந்து நிக்கிறவங்க..."

"முடியுமான்னு தான கேட்டேன்."

அந்த மேனேஜர் கெட்ட மனிதர் என்று இன்றுகூட நான் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது கேட்காமலே லீவு கொடுத்தவர். யாரையும் 'வாடி போடி' என்று பேசமாட்டார். யாருடையவை என்று கேட்காமல் ஆறு எண்களையும் அடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார்.

"மலை வண்டிங்களுக்கு வந்த நேரத்துல ஒரு மூணு மணி நேரம் கூட்டிப் போட்டுடு."

மலை ஊர்க்காரர்களின் அட்டைகள் எல்லாம் ஹெச் என்ற எழுத்தில் தொடங்கும். அதனால் அது சுலபம்தான். ஆனாலும் கேட்டேன். "எதுக்கு சார்?"

"கீழ இருக்கறவன் லேட்டாச்சின்னா வண்டியத் திருப்பிக்கினு வேற மில்லுக்குப் பூடுவான். மலையிலேர்ந்து எறங்குனவன் எங்க போவான்? வாடகை வண்டி, நிப்பான். நிக்கறவன நிக்க வெச்சா நமக்கு இன்னா நஷ்டம்?"

கணக்காகத்தான் பேசினார். பதினைந்து நிமிட வேலை. ஒரு 'இப்படி இருந்தால்', ஒரு கூட்டல். அடித்துவிட்டு, மில் அவர்களுடையது, நான் யார் கேட்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடைச்சீட்டு அடிக்கப் போய்விட்டேன். அன்று சாப்பாடு இறங்கியதா என்றால், இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலையில், கரியாலூருக்கு மேலே ஒரு ஊரிலிருந்து ஒரு அக்கா வருவார். நாற்பது வயது இருக்கும். நான்கு குடும்பங்களின் கிழங்கை ஒரே வாடகைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்குவார். அந்த வாரம் அவர் வந்தது காலை எட்டு மணிக்கு. சாயங்காலம் மில் மூடும்வரை அவர் முறை வரவில்லை. மறுநாள் பத்து மணிக்கு ஜன்னலுக்கு வந்தார். கையில் ஒரு கிழங்கு. என் கண் முன்னால் பட்டென்று உடைத்துக் காட்டினார். உள்ளே கருநீலக் கோடுகள்.

"நேத்து ஒடச்சப்ப பால் மாதிரி இருந்துது. எனுக்கு அப்பால வந்த டிராக்டர் அஞ்சி உள்ள பூட்டுது. நான் எண்ணிக்கினே தான் இருக்கேன்."

"கம்ப்யூட்டர் போடுற வரிசைக்கா."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது?"

பின்னால் நின்றிருந்த மேனேஜர் முன்னால் வந்தார். "மெஷினுக்கு மலைன்னும் தெரியாது, கீழன்னும் தெரியாதும்மா. அதுவாப் போடுறது. சந்தேகமா இருந்தா இந்தப் பொண்ணக் கேளு. இது தான் எழுதுனது" என்று என்னைக் காட்டினார்.

பொய்யை அவர் சொன்னார், விரலை என் பக்கம் நீட்டினார். அந்த அக்கா என்னையே பார்த்தார்.

"நீ தான் எழுதுனியா? அப்ப எழுதுனதக் காட்டு." ஜன்னல் வழியாக எட்டி என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அதோ, கலர் கலரா எழுத்து ஓடுதே, அதுவா?"

அதுதான். கறுப்புத் திரையில் என் புரோகிராம் திறந்தே இருந்தது. நான் எழுந்து திரையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுக்கா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடிக்காதது அது. என் பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பேங்கில் என் அம்மாவிடம் எத்தனையோ பேர் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவர் கிழங்கு அன்று மத்தியானம் உள்ளே போனது. மாவு கம்மி என்று எழுதி, விலையைக் குறைத்து அனுப்பினார்கள்.

அடுத்த முறை அவர் வருவதற்குள், மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் ஆபீஸ் பிரிண்டரில் புரோகிராமை அடித்து வைத்தேன். மூன்று தாள். ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு மட்டும்தான். அவர் வந்ததும் எடை மேடைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் கொடுத்தேன். "நீங்க கேட்டது."

எட்டாவது வரை படித்தவர் அவர். இங்கிலீஷ் எழுத்தும் கூட்டிப் படிப்பார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாது இது? எல்லாம் ஒரே எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது."

"இருங்க, எந்த வரின்னு காட்டுறேன்" என்று வாங்கினேன். எனக்கும் கிடைக்கவில்லை. நானே எழுதியது, என் கையில் இருக்கிறது, தேடுகிறேன், ஒரு நிமிடம் ஆகிறது. அப்போதுதான் உறைத்தது. திரையில் நான் எழுத்தைப் படிப்பதே இல்லை. நிறத்தைப் பார்த்துத்தான் போகிறேன். 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று உத்தரவு போடுகிற சொற்கள் நீலம். மேற்கோள் குறிக்குள் நாமாகக் கொடுக்கிற எழுத்தும் எண்ணும் சிவப்பு. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத, மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைக்கிற குறிப்பு பச்சை. எத்தனையோ வருடப் பழக்கம். அந்தத் தாளில் சிவப்பு இல்லை, அதனால் ஆறு எண்களும் கூட்டத்தில் கரைந்துவிட்டன.

"உன் ஊட்டு டிவி மாதிரி அங்க கலர் கலராத் தெரிஞ்சிதே, அது எங்க?" என்றார் அவர்.

"பிரிண்டர்ல கலர் வராதுக்கா."

"உனுக்குன்னா கலரு, எனுக்குன்னா கறுப்பா?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "அக்கா, மலை வண்டிய மூணு மணி நேரம் பின்னாடி தள்ளுற வரி இதுல இருக்குது. நான் தான் அடிச்சேன். சொன்னாங்க, அடிச்சேன்."

அவர் தாளை நான்காக மடித்து என் கையிலேயே திணித்தார். "நான் ஒருத்தி தெரிஞ்சிக்கினு இன்னா ஆவப் போவுது? எல்லாருக்கும் தெரியற மாதிரி குடு. குடுக்க முடியும்னா குடு, இல்லாங்காட்டி உட்டுடு."

ஞாயிற்றுக்கிழமை, புரோகிராமைக் காப்பி எடுத்து வைத்திருந்த என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஒரு பிரிண்ட் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது என் வயதுப் பெண். பேனர், கல்யாணப் பத்திரிகை, பிராஜெக்ட் எல்லாம் அடிப்பார். திரையில் இருப்பது அப்படியே தாளில் வர வேண்டும் என்றேன். இது ஒரு வேலையா என்பதுபோலப் பார்த்தார்.

முதலில் திரையைப் படம் பிடித்து அதையே அடித்தோம். கறுப்புப் பின்னணி முழுவதும் மையாக இறங்கித் தாள் ஈரத்தில் சுருண்டு வந்தது. எழுத்து அடைத்துக்கொண்டது. "இன்னும் ரெண்டு பக்கம் இப்படி அடிச்சா என் இங்க் பூரா பூடும், எழுந்து போ" என்றார். அடுத்து, எழுத்தை மட்டும் காப்பி எடுத்து அவருடைய டிசைன் சாப்ட்வேரில் போட்டார். கலர் போயே போய்விட்டது. தமிழில் இருந்த ஒன்றிரண்டு குறிப்புகளும் கட்டம் கட்டமாக வந்தன.

பிறகு நான் புரோகிராம் அடிக்கிற எடிட்டரை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றினேன். அதிலிருந்து காப்பி எடுத்து வேர்டில் ஒட்டினேன். கலர் வந்தது! நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் அப்படியே. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம். அடித்துப் பார்த்தால், சில சொற்கள் வெளிர்மஞ்சள். திரையில் தெரிகிறது, வெள்ளைத் தாளில் காணவே இல்லை.

"கைல மாத்திடேன்" என்றார் அவர்.

"கைல மாத்துனா, நான் வேணும்னே கலர் போட்டேன்னு சொல்லுவாங்க. ஸ்க்ரீன்ல இருக்கறதும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும்."

மஞ்சளே இல்லாத வேறொரு வெள்ளை நிறத் தொகுப்பைத் தேடி எடிட்டரில் வைத்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதையே வைத்துவிட முடிவு செய்தேன். அடுத்து, நீள வரிகள் உடைந்து கீழே விழுந்தன. என் புரோகிராமில் எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பது இடது பக்கம் விடுகிற இடைவெளியில்தான் இருக்கிறது. அது குலைந்தால் அர்த்தமே மாறிவிடும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் வருகிற ஃபான்ட், தமிழுக்கு மட்டும் வேறு, தாளைப் படுக்கை வாட்டில் திருப்பி, கடைசியில் பிடிஎஃப் ஆக்கினேன். மூன்று மணி நேரம் ஆனது.

நடுவில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. பச்சைக் குறிப்புகள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது என்ன செய்கிறது என்று தமிழில் எழுதினேன். 'வண்டி வந்த நேரம் இங்கே பதிவாகிறது.' 'கீழே உள்ள ஆறு அட்டைகள் எப்போது வந்தாலும் எல்லோருக்கும் முன்னால் போகும்.' 'ஹெச் என்று தொடங்கும் மலை அட்டை என்றால், மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததாகக் கணக்கு.' அதற்குக் கீழே இன்னொரு வரி அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். மூன்றாவது முறை அடித்ததை அழிக்கவில்லை. 'இதைச் சொன்னவர் மேனேஜர். அடித்தவள் நான்.'

கடைக்காரப் பெண் தாளை எடுத்துக் காயவைக்கும்போது அதைப் படித்தார். அதுவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். முழுவதும் படித்தார். "ஆறு பேரு மட்டும் இன்னா வானத்துலேர்ந்து குதிச்சவங்களா? ரெட்டு பத்தலம்மா. இன்னும் கொஞ்சம் ஏத்தி அடிக்கட்டா?"

"வேணாம். இருக்கறது போதும்."

இரண்டு செட் அடித்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகலாம் என்றும் சொன்னேன். அம்மா அந்த மில்லுக்கு வரும் கிழங்கைக் கூலிக்குப் பிடுங்கியவள். தாளை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "ஒட்டறதுன்னா வெறும் டேப்பு போட்டு ஒட்டாத. மைதா காச்சித் தரேன், நல்லாத் தடவி ஒட்டு" என்றாள்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு டோக்கன் ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, மூன்று தாளையும் ஒட்டினேன். உள்ளே போய் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதே வெள்ளை நிறத் தொகுப்பையும் பச்சைக் குறிப்புகளையும் வைத்துவிட்டு, வழக்கம்போல டோக்கன் போட உட்கார்ந்தேன். எழுந்து போய்க் கிழிக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. மில்லில் எத்தனையோ நோட்டீஸ் ஒட்டுவார்கள். எலவனாசூர்கோட்டை பக்கத்திலிருந்து வந்த ஒரு டிராக்டர் டிரைவர்தான் டோக்கன் வாங்கிக்கொண்டே பச்சை வரிகளைச் சத்தமாகப் படித்தார். "ஆறு அட்டைகள்... எப்போது வந்தாலும்... யோவ், இங்க வாங்கய்யா!"

அரை மணி நேரத்தில் ஜன்னல் முன்னால் இருபது பேர். ஒருத்தரும் புரோகிராம் படித்தவர்கள் இல்லை. பச்சையைப் படித்தார்கள், அதற்குக் கீழே சிவப்பைப் பார்த்தார்கள். எல்லோரும் தங்கள் அட்டையை எடுத்துச் சிவப்பு எண்ணோடு ஒத்துப் பார்த்தார்கள். ஆறு பேரில் ஒருத்தர் அங்கேயே நின்றிருந்தார். அவர் அட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"எடு, உன் நம்பரக் காட்டு."

"நான் யாரையும் போடச் சொல்லல. எனுக்கு இன்னாத் தெரியும்?"

"தெரியாமத்தான் எங்கள முந்திக்கினு போனியா இவ்ளோ நாளா?"

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். கூட்டத்தையும் தாளையும் பார்த்து, "இன்னாம்மா இது? ஆயுத பூஜைக்கு இப்பவே அலங்காரமா?" என்றார். கிட்டே வந்து பச்சையைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"கிழி அத."

"கிழிக்க மாட்டேன் சார்."

"கம்பெனி ரகசியத்த வெளிய ஒட்ட உனுக்கு யாரு பவர் குடுத்தது?"

"கம்ப்யூட்டர் அதுவாப் போடுறதுன்னு சொன்னீங்களே சார். அது இன்னா போடுதுன்னு ஒட்டியிருக்கேன். சந்தேகமா இருந்தா என்னக் கேக்கச் சொன்னதும் நீங்க தான்."

அவரே வெளியே போய் நகத்தால் சுரண்டினார். அம்மாவின் மைதா விடவில்லை. தாள் பட்டை பட்டையாகக் கிழிந்தது. ஆனால் கண்ணாடியோடு ஒட்டின இடமெல்லாம் எழுத்து நின்றது. ஆறு எண்களில் நான்கு அப்படியே சிவப்பாக இருந்தன. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு வியர்த்து வடிந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் நான் எழுந்து போய் உதவவில்லை.

கரியாலூர் அக்கா பதினொரு மணிக்குத்தான் வந்தார். நான் ஒட்டப் போவது அவருக்குத் தெரியாது. கிழிந்த தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"வேற பேப்பர் இருக்குதா?"

அவருக்கு டோக்கன் போட்டு, கூடவே இரண்டாவது செட்டையும் கொடுத்தேன். நிறுத்தி நிதானமாக மூன்று தாளையும் படித்தார். கடைசிப் பச்சை வரியில் அவர் விரல் நின்றதைப் பார்த்தேன். தாளைப் பிக்கப்பின் முன் கண்ணாடிக்குள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். பிக்கப் நேராக எடை மேடைமேல் ஏறி நின்றது. டிரைவர் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"வரிசை சரியாவற வரைக்கும் இந்த வண்டி எறங்காது" என்றார் அக்கா.

எடை மேடை ஒன்றுதான். அதில் ஒரு வண்டி நின்றால் மில்லுக்குள் ஒரு கிழங்கு போகாது. கீழ் ஊர்க்காரர்கள் சிலர் கத்தினார்கள். "உன் ஒருத்தி கிழங்குக்காக எங்க கிழங்கெல்லாம் காயணுமா?" என்றார் ஒருத்தர். அக்கா இறங்கி அவர் முன்னால் போய் நின்றார். "எங்க கிழங்கு மூணு வாரமாக் காஞ்சிது. உன்னுது ரெண்டு மணி நேரம் காயட்டும்." எலவனாசூர்கோட்டை டிரைவர் தன் டிராக்டரை ஆஃப் செய்துவிட்டு அக்கா பக்கத்தில் வந்து நின்றார். பிறகு கத்தியவர்களும் அடங்கிவிட்டார்கள்.

மில் ஓனர் டவுனிலிருந்து வரும்போது ஒரு மணி. யாரிடமும் சத்தம் போடவில்லை. பிக்கப்பில் இருந்த தாளை வாங்கிப் படித்தார். என்னிடம் வந்து, "இத எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷங்க."

"எடுத்துடு."

"எங்க கண்ணுக்கு முன்னாடி எடுக்கணும்" என்றார் அக்கா, ஜன்னலுக்கு வெளியே இருந்து. ஓனர் தலையை ஆட்டினார். நான் திரையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். தாளில் இருந்தது அப்படியே திரையில் இருந்தது. அதே நீலம், அதே சிவப்பு. ஜன்னலில் அத்தனை முகம். ஆறு எண்கள் இருந்த வரியை அழித்தேன். மூன்று மணி நேரம் கூட்டுகிற வரிகளை அழித்தேன். "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று ஒருத்தர் பின்னாலிருந்து கத்தினார். சேவ் செய்து ஓடவிட்டேன். டிவியில் வரிசை மாறியது. மலை வண்டிகள் சரசரவென்று மேலே ஏறின.

அக்காவின் வண்டி ஒன்பதாவதாக வந்தது. "இது சரியா?" என்று ஓனர் கேட்டார். அக்கா வாசலில் இருந்த வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "சரி. அந்த எட்டும் எனுக்கு முன்னாடி வந்தது தான்" என்றார். சாவியை டிரைவரிடம் கொடுத்தார். பிக்கப் மேடையை விட்டு இறங்கியது.

போகும்போது என் ஜன்னலுக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தது உண்மை. "நீ அன்னிக்கே அடிக்காம இருந்திருந்தா எங்க கிழங்கு காஞ்சிருக்காது" என்றார். "ஆமாக்கா" என்றேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

சனிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றார். ஓனர் சொன்னதா அவராகச் சொன்னதா, தெரியாது.

"உனுக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? என்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன் சார். மொத நாளே சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க முடியுமான்னு மட்டும் சொல்லச் சொன்னீங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எடைச்சீட்டு அடிக்கிற பில் ரோலை எப்படி மாற்றுவது என்று அடுத்து வரப்போகிறவருக்காக எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தப் புரோகிராமையும் எடுத்துவிட்டு வேறு எங்கேயோ வாங்கியதைப் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சொந்தக்காரர்கள் வந்து பேசாத பேச்சில்லை. படித்த திமிர் என்றார்கள். மேனேஜரிடம் போய் மன்னிப்புக் கேள் என்று என் மாமா வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "அடிச்சதுக்கு மலைக்காரங்க கிட்ட கேக்கறேன் மாமா. ஒட்டுனதுக்கு யாருகிட்டயும் கேக்க மாட்டேன்" என்றேன். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். அம்மாவோடு கிழங்கு பிடுங்கவும் போனேன்.

பிறகு வேறொரு மில்லில் ஆள் கேட்கிறார்கள் என்று போனேன். அந்த ஓனர் வயதானவர். பயோடேட்டாவைப் பார்க்கவே இல்லை.

"கண்ணாடில ஒட்டுன பொண்ணு நீ தான?"

"ஆமாங்க."

"இங்க வேலைக்கு வெச்சா இங்கயும் ஒட்டுவியா?"

"ஒட்டுவேங்க. மொத நாளே ஒட்டிடுவேன்."

"எங்ககிட்ட கறுப்புப் பிரிண்டர் தான் இருக்குது. அதுல அடிச்சிக்கறியா?"

"இல்லீங்க. கறுப்புல ஒட்டுறதும் ஒட்டாம இருக்கறதும் ஒண்ணு தான். வெளிய கொடுத்துக் கலர்ல அடிச்சிக்கினு வரேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றார். அப்படிச் சொன்னால் முடிந்தது என்று அர்த்தம், எழுந்து வந்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்து உண்மையிலேயே சொல்லி அனுப்பினார்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். புதிதாக எழுதிய வரிசைப் புரோகிராம் வாசல் பலகையில் நான்கு தாளாக ஒட்டியிருக்கிறது. ஒரு வரி மாற்றினாலும் மறுபடி அச்சடித்து ஒட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு விவசாயி பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வண்டி ஒரே நிமிஷத்துல வந்தா யாரு முன்னாடின்னு இதுல எழுதவே இல்லியேம்மா?" போய்ப் பார்த்தேன். எழுதவில்லைதான். அப்படி வந்தால் அட்டை எண் சின்னதாக இருக்கிறவர் எப்போதும் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே தெரியாது. அன்றே திருத்தினேன்.

"பாத்தியா, ஒட்டுனா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க" என்றார் ஓனர்.

"கேக்கட்டுங்க" என்றேன்.